தேர்யோ கழித்துப்போட்ட நாட்கள்

என் மகள் பெர்லிதா கட்டிக்கொண்டவனுக்கு உட்காரத் தெரியாது. சோற்றைக்கூட நின்றுகொண்டுதான் தின்பான். ஒரு கையில் தட்டு, மறு கை சுவரில். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதுபோலச் சுவரைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். துக்க வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். பிணத்தைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள், அறை எவ்வளவு சூடாகிவிட்டது என்று கணக்குப் போடுவான். கல்யாணமான புதிதில் இவனுக்குப் புத்தி கொஞ்சம் கழன்றிருக்கிறது என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த நினைப்பை முழுசாக விட்டுவிடவில்லை.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எலியுதேரியோ. தெருவில் யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது, தேர்யோ என்பார்கள். மரிகினா ஆற்றோரத்தில் எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவன். தெருமுனையில் நிற்கிறதே சான் ரோக்கே மால், அதில்தான் வேலை. என்ன வேலை என்று கேட்டால், கட்டடம் எப்போது எவ்வளவு கரண்ட் தின்னும் என்று முன்கூட்டியே சொல்கிற வேலை என்பான். ஜோசியக்காரன் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே என்றேன். ஜோசியக்காரனுக்குத் தப்பினால் யாரும் கேட்கமாட்டார்கள், எனக்குக் கேட்பார்கள் என்றான்.

ஒருநாள் கணினியில் காட்டினான். நிஜ மால் கல்லும் கண்ணாடியும். இன்னொரு மால் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. மாடி, கூரை, சினிமாக் கொட்டகை, செருப்புக்கடை, எதையும் விடவில்லை. வெயில் ஏற ஏறக் கூரை சிவக்கிறது, சில்லர் ஓடினால் உள்ளே நீலமாகிறது. சில்லர் என்பது மொட்டைமாடியில் கிடக்கிற பெரிய குளிர் எந்திரம். மாலின் கரண்டில் பாதியை அதுதான் விழுங்கும். தரையெல்லாம் எறும்புபோலப் புள்ளிகள் ஊர்ந்தன.

"இந்தப் புள்ளியெல்லாம் என்ன மாப்ளே?"

"ஆளுங்க அத்தை. ஒரு ஆளு சும்மா நின்னாலே நூறு வாட்ஸ் பல்பு எரியற அளவுக்குச் சூடு வரும்."

"நானுமா ஒரு பல்பு?"

"நீங்க வாயத் தொறந்தா ரெண்டு."

அன்றைக்குத்தான் அவனை எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது.

வீட்டையும் அவன் விட்டுவைக்கவில்லை. சூடு பார்க்கிற சின்னக் கறுப்பு வில்லைகளைக் கொண்டுவந்து கூரைத் தகரத்தடியில் ஒன்று, கதவு நிலையில் ஒன்று என்று ஒட்டினான். குழந்தை இயேசு சொரூபத்தின் அங்கிக்குப் பின்னால்கூட ஒன்று. எனக்கு வந்ததே கோபம். அதைப் பிய்த்து அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். சாயங்காலம் வந்து கணினியைத் திறந்தவன் வெகுநேரம் தலையைச் சொறிந்தான். அப்புறம் என்னிடம் வந்து, "அத்தை, மத்தியானத்துல சாமி மட்டும் எப்பிடிக் குளுந்தாரு?" என்று கேட்டான். நான் கருவாட்டைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்தேன். சாமிக்கு எல்லாம் முடியும் என்றேன்.

கோடை வந்தால் எங்கள் தீவுக்குக் கரண்ட் போதாது. நாடே ஏசியைத் திருகும் மதியத்தில், பெரிய கட்டடங்களே, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மின்கம்பெனி கேட்கும். ஒப்புக்கொண்ட கட்டடத்துக்குச் சலுகையும் உண்டு. சான் ரோக்கே மால் அதற்காக டீசல் ஜெனரேட்டரை ஓட்டும். புகை நேரே எங்கள் தெருவுக்கு வந்து துவைத்துப்போட்ட துணியெல்லாம் கரி. அந்த ஜெனரேட்டரை நான் ஏசாத ஏச்சில்லை.

மாலின் மேலாளர் தியாங்கோ மேடத்திடம் தேர்யோ வேறு வழி சொன்னான். கட்டடம் ஒரு ஐஸ் பெட்டி மாதிரி. வெயிலுக்கு முன்னாலேயே அதை நன்றாகக் குளிரவைத்துவிட்டால், மதியம் சில்லரைப் பாதியாகக் குறைத்தாலும் கல்லும் தரையும் பிடித்துவைத்திருக்கும் குளிர்ச்சியே ஆட்களைத் தாங்கும். டீசல் வேண்டாம், புகை வேண்டாம். ஐஸ் விற்றே வயிறு கழுவியவள் நான், எனக்கு இதை இரண்டாம் தடவை சொல்லத் தேவையில்லை. மேடத்துக்கு நாலைந்து தடவை சொல்லவேண்டியிருந்தது.

கடைசியில் அவள் ஒப்புக்கொண்டாள். குறைக்க முடியும் என்று அவன் சொன்ன அளவை அப்படியே மின்கம்பெனிக்கு வாக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவனிடம், இந்த ஒரு கோடை பார்ப்பேன், உன் கணக்கு நின்றால் மாலின் கரண்ட் முழுக்க உன் பொறுப்பு, கணக்குப் பொய்த்தால் புது ஜெனரேட்டர் வாங்குவேன், நீ வேறு இடம் பார்த்துக்கொள் என்றாளாம். இதை அவன் வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னான். பெர்லிதா சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த மாலுக்குள்ளேயே மருந்துக்கடையில் வேலை. ஒரே கூரைக்கு அடியில் இரண்டு பேர் பிழைப்பு.

சித்திரை வெயிலில் சோதனை ஆரம்பித்தான். காலையில் மால் திறக்கும்போது உள்ளே மார்ச்சுவரிபோலக் குளிரும். கடைப்பெண்கள் ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஏணி வைத்து ஏறிக் குளிர்காற்று வரும் வாயில் அட்டையை ஒட்டிவிடுவார்கள். இவன் பின்னாலேயே ஏறி அட்டையைக் கிழிப்பான். ஏணியும் கையுமாக அலைந்தவனுக்குப் பனிக்கரடி என்று பெயர் வைத்தார்கள். பெர்லிதா வீட்டுக்கு வந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே சண்டை பிடித்தாள். "நீ பேரு வாங்கறதுக்கு நான் சளி வாங்கணுமா?" அவனுக்குக் காதில் விழவில்லை. வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் கணக்கு நின்றது. சோதனை பார்த்த நாட்களிலெல்லாம் அவன் சொன்ன அளவுக்குக் கரண்ட் குறைந்தது, யாருக்கும் வேர்க்கவில்லை. ஆனாலும் நிம்மதி இல்லை அவனுக்கு. நிஜமான பற்றாக்குறை இன்னும் வரவில்லையே என்று முனகினான். எல்லோரும் மழைக்கு வேண்டிக்கொண்டிருந்த மாதத்தில் இவன் ஒருவன் வெயிலுக்குக் காத்திருந்தான்.

வந்தது. இரண்டு மின்நிலையம் படுத்துக்கொண்டது, இன்று மதியம் பற்றாக்குறை, தெருத்தெருவாக முறை வைத்து வெட்டுவோம் என்று ரேடியோ சொன்னபோது தேர்யோ வீட்டில் இல்லை. இருட்டோடு எழுந்து மாலுக்குப் போய்விட்டிருந்தான்.

மதியம் சோறு இறங்குவதற்குள் எங்கள் தெருவில் கரண்ட் போனது. போனால் எங்கள் தெருவில் யாரும் யாரையும் யோசனை கேட்பதில்லை. பிள்ளையைத் தூக்கு, விசிறியை எடு, மாலுக்கு நட. தகரக்கூரைக்குக் கீழே உட்கார்ந்து வேக நாங்கள் என்ன மீனா? மால் கட்டிய காலத்திலிருந்து இதுதான் பழக்கம். டொமினோ ஆடுகிறவன் கட்டைகளை எடுத்துவருவான், தைக்கிறவள் துணியை எடுத்துவருவாள், பிரசவித்து மூன்று வாரம் ஆகாதவளும் வருவாள். எதையும் வாங்கமாட்டோம். ஒரு ஐஸ்கிரீமை நாலுபேர் நக்குவோம். காவல்காரன் இஸ்கோ எங்கள் தெருக்காரன், அவன் என்ன சொல்லப்போகிறான்? நானும் என் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கிழக்கு வாசலுக்குப் போனேன். எங்களுக்கு முன்னால் பாலத்துத் தெரு வந்துவிட்டது, பின்னால் சந்தைத் தெரு வந்துகொண்டிருந்தது.

தேர்யோ கிழக்கு வாசலுக்கு உள்ளே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். கையில் பலகைபோல ஒரு கணினி. அதைப் பார்ப்பான், கதவைப் பார்ப்பான், மறுபடி அதைப் பார்ப்பான். என்னையும் முக்காலியையும் கண்டதும் நின்றுவிட்டான்.

"அத்தை, வீட்டுல கரண்ட் போச்சா?"

"போகாமலா வந்தேன்? ஒன் மொகத்தப் பாக்கவா?"

அவன் எனக்குப் பின்னால் வரிசையாக வருகிறவர்களைப் பார்த்தான். தலையணை, கைக்குழந்தை, செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் ஒயர், ஒருத்தி ரைஸ் குக்கரையே தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அவன் முகம் சாம்பலாகிவிட்டது. சுவரோரமாகக் குந்தினான். எனக்குத் தெரிந்து அவன் தானாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"கழிச்சுப்போட்டேன் அத்தை" என்றான்.

எதை என்று கேட்டேன். திக்கித் திக்கிச் சொன்னான். வாசலுக்கு மேலே தலை எண்ணுகிற கண் ஒன்று இருக்கிறது. போன கோடைகளில் அது எண்ணியதை வைத்துத்தான் கணினிக்குள் புள்ளிகளை விட்டிருந்தான். அதில் சில நாட்களில் மதியத்துக்கு மேல் எண்ணிக்கை தாறுமாறாக எகிறியிருந்ததாம். கிழமை நாளில் இத்தனை ஆள் வருமா, கண் பழுதாகியிருக்கும் என்று அந்த நாட்களையெல்லாம் கழித்துப்போட்டுவிட்டான். கணக்குச் சுத்தமாக வந்தது. அத்தனையும் தெருவில் கரண்ட் வெட்டிய நாட்கள். பற்றாக்குறை என்றால்தான் மாலைக் குறைக்கச் சொல்வார்கள். அதே பற்றாக்குறைக்குத்தான் எங்கள் தெருவிலும் வெட்டுவார்கள். அவன் குளிரைக் குறைக்கிற மதியமும் நாங்கள் முக்காலியோடு வருகிற மதியமும் வேறுவேறாக இருக்கவே முடியாது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த இஸ்கோ சிரித்துவிட்டான். "டேய் தேர்யோ, கரண்ட் போனா ஒங்கம்மா ஒன்ன இந்தத் தரையிலதானே தவழ விடுவா. செருப்புக்கடை முன்னால நீ ஒன்னுக்குப் போயி நான் தொடச்சிருக்கேன். நீயே மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தான். எனக்கு அவனிடம் சொல்ல நிறைய இருந்தது, ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அதற்குள் மேல்தளத்தில் வேர்க்க ஆரம்பித்துவிட்டது. காலையிலிருந்து சேர்த்துவைத்த குளிர்ச்சியை எங்கள் ஜனம் விழுங்கிக்கொண்டிருந்தது. தியாங்கோ மேடம் படியிறங்கி வந்தாள். நெற்றியில் வியர்வை, கையில் கைக்குட்டை. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"தேர்யோ, ரெண்டுல ஒண்ணு. சில்லரப் பூரா போடு, இல்ல வாங்காத ஆளுங்கள வெளிய அனுப்பு."

சில்லரைப் போட்டால் கம்பெனிக்குக் கொடுத்த வாக்கு போச்சு. கணக்குப் பொய். அவன் வேலையும் அதோடு சரி. நாங்கள் வெளியே போனால் கணக்கு நிற்கும். கணினிக்குள் இருக்கிற மாலும் நிஜ மாலும் ஒன்றாகிவிடும். அவன் சொல்ல வேண்டியதெல்லாம் ஒரு வார்த்தை. இஸ்கோவின் சிரிப்பு நின்றுவிட்டது. தவிட்டு நிறத்தில் ஒரு பச்சைக்குழந்தை தரையில் துணி விரித்துக் கிடந்தது. அதன் அம்மா எங்கள் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே, வாங்காதவள்போல விசிறிக்கொண்டிருந்தாள்.

தேர்யோ எழுந்தான். குழந்தைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து தரையில் புறங்கையை வைத்தான். கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை. அப்புறம் மேடத்திடம் வந்தான்.

"மேடம், தர இன்னும் குளுந்துதான் இருக்கு. மேலதான் போச்சு. எல்லாரையும் கீழ எறக்கிட்டு மேல பூராத்தையும் அணைச்சுடறேன்."

"கடைக்காரங்க என்னைக் கொன்னுடுவாங்க."

"என்னக் கை காட்டி விடுங்க."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதுவே அவனுக்குப் போதும், ஓடினான். இந்த ஓட்டத்துக்குத்தான் அத்தனை வருஷம் நின்றுகொண்டே சோறு தின்றான் போலிருக்கிறது. சினிமாவில் படம் முடிந்ததும் அடுத்த ஆட்டத்தை நிறுத்தினான். மேல்தளத்துக் காற்றை மூடி எல்லாவற்றையும் கீழே திருப்பினான். நகரும் படிகள் நின்றன. கண்ணாடிப்பெட்டி விளக்குகளை அணைக்கச் சொல்லிக் கடைகடையாகப் போனான். செருப்புக்கடைக்காரன், இருட்டில் யார் செருப்பு வாங்குவான் என்று சட்டையைப் பிடித்தான். வெளிச்சத்தில் இதுவரை எத்தனை விற்றாய் என்று இவன் கேட்டதாகப் பெர்லிதா சொன்னாள். அவளே தன் மருந்துக்கடை விளக்கை முதலில் அணைத்தாள். அவள் அணைத்ததைப் பார்த்து மற்ற பெண்களும் அணைத்தார்கள். பெரிய வெள்ளிக்கிழமைக் கோயில்போல மால் இருட்டிக் கிடந்தது.

அடுத்து கதவு. எங்கள் ஜனத்துக்கு ஒரு பழக்கம். ஒருத்தி உள்ளே வந்தால் பின்னால் வருகிற தங்கைக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டே நிற்பாள், தங்கை தன் மாமியாருக்காகப் பிடித்துக்கொண்டு நிற்பாள். குளிரெல்லாம் தெருவுக்குப் போகும். தேர்யோ ஒரு கதவை உள்ளே வர, ஒரு கதவை வெளியே போக என்று பிரித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அத்தை, ஒங்க வாய்க்கு இன்னிக்கு வேல இருக்கு."

முக்காலியைக் கதவோரம் போட்டேன். நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. ஆனால் கதவு சாத்தியே இருந்தது.

குளிர்ந்தது என்று சொன்னால் பொய். பிசுபிசுவென்றுதான் இருந்தது. ஆனாலும் யாரும் மயங்கி விழவில்லை, யாரையும் வெளியே அனுப்பவில்லை. அந்தக் குழந்தை தூங்கியது. வெயில் தாழ்ந்து தெருவில் கரண்ட் வந்துவிட்டது என்று யாரோ சொன்னதுதான் தாமதம், வந்த ஜனம் மொத்தமும் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் எழுந்து போனது. நானும்தான். வீட்டில் சோறு திறந்து கிடந்தது.

அன்றைக்குக் கம்பெனிக்குச் சொன்ன அளவில் கொஞ்சம் தேறியது, நிறையத் தேறவில்லை. மேடம் கேட்கும்வரை தேர்யோ காத்திருக்கவில்லை. தானே போய், நான் கழித்துப்போட்ட நாட்களால்தான் கணக்குக் கெட்டது, கட்டடத்தால் இல்லை, ஜனத்தாலும் இல்லை என்று சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்ததும் பெர்லிதா அவனைப் பிடிபிடியென்று பிடித்தாள். "வாய மூடிட்டு இருந்தா கூட்டத்து மேல பழி போயிருக்கும்ல?" அவன், கூட்டத்தில் உன் அம்மாவும் இருந்தார் என்றான். நான் அவன் தட்டில் இன்னொரு கருவாட்டை வைத்தேன்.

மேடம் அவனை வெளியே அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அவளுடைய வாக்கும் சேர்ந்து பொய்யாகும். கெட்டிக்காரி. ஆனால் பொறுப்பு எதையும் கொடுக்கவில்லை. ஜெனரேட்டர்காரனை வரவழைத்துப் பேசினாள். அடுத்த பற்றாக்குறை வரைக்கும்தான் அவகாசம் என்று தேர்யோவிடம் சொன்னாள்.

அடுத்த பற்றாக்குறைக்குத் தயாராக அவன் முதலில் வந்தது எங்கள் தெருவுக்கு. வீடுவீடாகக் கதவைத் தட்டி, அடுத்த தடவை கரண்ட் போனால் மாலுக்கு எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டான். கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்கிறானா என்று சிலர் கேட்டார்கள். யாரும் உண்மை சொல்லவில்லை. நாங்களா, நாங்கள் மாலுக்குச் சாமான் வாங்கத்தானே போவோம், ஓசிக் குளிருக்கா போவோம் என்றார்கள். பாலத்துத் தெருவிலும் அதே கதை. வெறுங்கையோடு திரும்பிவந்து நின்றான்.

"யாருமே வரலைங்கறாங்க அத்தை."

"அப்ப எல்லாரும் வராங்க. வர மாட்டேன்னு சத்தமாச் சொன்னவன மொதல்ல சேத்துக்கோ. அவன் கொழுந்தியா குடும்பத்தையும் கூட்டிட்டு வருவான்."

கழித்துப்போட்ட நாட்களைத் திரும்ப எடுத்துக் கணினிக்குள் வைத்தான். அதன்பிறகு மேடத்திடம் போய், கம்பெனிக்குக் கொடுத்த வாக்கைப் பாதியாகக் குறைக்கச் சொன்னான். அவளுக்கு அது அவமானம். பெரிதாகச் சொல்லிவிட்டுச் சின்னதாகக் கேட்பதா என்றாள். நிற்கிற கணக்கைச் சொல்வோம் மேடம் என்றானாம். குறைத்தாள்.

பற்றாக்குறை மறுபடி வந்த மதியம் மேல்தளத்தை முதலிலிருந்தே குளிரவைக்கவில்லை, கீழ்த்தரையை மட்டும் குளிரவைத்தான். கடைக்காரர்களிடம் முந்தின நாளே சொல்லிவைத்திருந்தான். கரண்ட் போனது. சாமான் வாங்கத்தான் போவோம் என்று சொன்னவன் டொமினோக் கட்டைகளோடு முதல் ஆளாக வந்தான். நான் கதவுக்குப் போனேன்.

வெயில் உச்சியில் இருந்தபோது மேடம் இறங்கி வந்தாள். கைக்குட்டை கையில் இல்லை. கூட்டத்தைப் பார்த்தாள், இருட்டைப் பார்த்தாள், கடைசியாகத் தேர்யோவின் பலகையைப் பார்த்தாள்.

"இவங்க ஏதாவது வாங்கறாங்களா?"

"இல்ல மேடம்."

"கணக்கு நிக்குதா?"

"இதுவரைக்கும் நிக்குது."

அவள் திரும்பி நடந்தாள். போகிற வழியில் ஒரு சின்னப்பையன் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். ஜெனரேட்டர்காரன் அப்புறம் வரவில்லை. பொறுப்பும் வரவில்லை, தேர்யோவின் நாற்காலி அதே உடைந்த நாற்காலிதான். உட்காராதவனுக்கு எந்த நாற்காலியாக இருந்தால் என்ன?

அவள் போனதும் அவன் கதவோரம் என்னிடம் வந்து குனிந்தான். என் முக்காலிக்குக் கீழே தரையில் புறங்கையை வைத்தான்.

"இருக்கா?" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு அத்தை" என்றான். சொல்லி முடிப்பதற்குள் மேற்கு வாசலில் யாரோ கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவன் கண்ணில் பட்டுவிட்டது. ஓடினான்.